கிழவியின் பங்கு

அக்காவோடு வேலை செய்யத் தொடங்கிய முதல் மூன்று கிழமையும், அவருடைய வீட்டில் வயதான பெண் ஒருவர் இருக்கிறார் என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கொலோனில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில்தான் எங்கள் இருவருக்கும் வேலை. சம்பளத் துண்டு கைக்கு வந்ததும் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "கிழவியின்ர பங்கு போக மிச்சம் எவ்வளவு?" என்று வாய்க்குள் கணக்குப் பார்ப்பார். மத்தியான இடைவேளையில் நாங்கள் எல்லோரும் கதிரையில் சரிந்து கிடக்க, அவர் மட்டும் முற்றத்தைச் சுற்றி நடப்பார். "நான் நடக்காட்டி கிழவி படுத்திடுவாள்" என்பார். பேருந்தைப் பிடிக்க நாங்கள் ஓடும்போது அவர் ஓடமாட்டார். "நீங்கள் ஓடுங்கோ. எனக்குக் கிழவியின்ர முழங்கால் முக்கியம்."

கிழவி யாரென்று கேட்க எனக்குக் கூச்சம். மாமியாராக இருக்கும், மாமியாரைப் போய் இப்படிச் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண்மேல் பரிதாபம் வந்து, ஒருநாள் வீட்டில் ரவா லட்டுப் பிடித்தபோது பத்தைத் தனியே எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டு போனேன்.

"அக்கா, இது உங்கட வீட்டுக் கிழவிக்கு. நல்ல மிருதுவாய்ப் பிடிச்சனான். பல்லில்லாட்டிலும் சாப்பிடலாம்."

அக்கா டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தட்டுக் கழுவும் மெசினில் சாய்ந்துகொண்டு, கண்ணீர் வருமட்டும் சிரித்தார்.

"எந்தக் கிழவியடி? அது நான். எழுபது வயசில வரப்போறவள். அவளுக்கு இந்த உலகத்தில வேற ஒருத்தரும் இல்லை. நான் பாக்காட்டி ஆர் பாக்கிறது?" டப்பாவை எடுத்துத் தன் பைக்குள் வைத்தார். "லட்டை நான் இப்பவே சாப்பிடுறன். அவளுக்குச் சீனி கூடாது."

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் கோபிப்பார். தேவாலயத்திலும் தமிழ்ச் சங்கத்திலும் எல்லோருக்கும் அவர் அக்காதான். குள்ளமான உருவம், கழுத்தில் நூல்போல ஒரு சங்கிலி, அதில் சின்னச் சிலுவை. மன்னாரில் பிறந்து, எண்பதுகளில் அகதியாக வந்தவர். தட்டுக் கழுவாத உணவகம் இந்த ஊரில் இல்லை என்று சொல்லுவார். கடைசியில் இந்த இல்லத்துக்கு வந்து இங்கேயே நிலைத்துவிட்டார்.

கிழவி எப்போது அவருக்குள் வந்தாள் என்பதையும் அவரே ஒருநாள் சொன்னார். நான் அங்கே சேர்வதற்குப் பல வருடம் முன்னால் நடந்தது. இரண்டாம் மாடியில் அடுத்தடுத்த அறைகளில் இரண்டு ஜேர்மன் மூதாட்டிகள். ஒருவருக்குப் பற்கள் உறுதி. பின்னேரத்தில் அப்பிளைக் கடித்துச் சாப்பிடுவார். மற்றவருக்குப் பல்லும் இல்லை, கட்டிய பல்லும் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் மசித்துத்தான் கொடுக்க வேண்டும். ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் கடிக்கும் சத்தம் கேட்டு, எனக்கும் ஓர் அப்பிள் தருவாயா என்று அவர் அக்காவைக் கேட்டிருக்கிறார். தொண்டையில் சிக்கிவிடும் என்று பெரிய சமையற்காரர் மறுத்துவிட்டார். அக்கா ஓர் அப்பிளைப் பூப்போலத் துருவி, கொஞ்சம் சீனி தூவிக் கொண்டுபோய்க் கொடுத்தார். மூதாட்டி ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னாராம்: "நன்றி பிள்ளை. ஆனால் இது அப்பிள் இல்லை."

"அண்டைக்கு வீட்டை போய்க் கண்ணாடிக்கு முன்னால வாயைத் திறந்து பாத்தன்" என்றார் அக்கா. "அடுத்த நாளே பல் டொக்டரைப் பாக்க டெர்மின் எடுத்தன்."

இந்த நாட்டில் பல்லுக்கென்று ஒரு சின்னப் புத்தகம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பல்லைக் காட்டினால் அதில் முத்திரை குத்துவார்கள். வருடம் தவறாமல் முத்திரை இருந்தால், பின்னாளில் பல் கட்டும்போது மருத்துவக் காப்புறுதி கூடுதலான பங்கைத் தரும். எங்களில் பாதிப் பேருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. அக்கா தேவாலய வாசலில் நின்று, பூசை முடிந்து வருகிறவர்களிடம், "சேசுவுக்குத் தோத்திரம், பல்லுப் புத்தகம் எங்க?" என்று கேட்பார். பாதிரியாரையும் விடவில்லை. அவருடைய புத்தகத்தில் நாலு வருடம் வெறுமையாக இருந்தது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அக்காவின் கணவருக்கு, எங்களுக்கெல்லாம் அவர் அண்ணை, மகிழுந்து உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. அதிகம் பேசாத மனிதர். அவர் பேசியதில் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு வசனம் இருக்கிறது. அது வந்த கதை இது.

வைத்தியச் செலவை வருமான வரியில் கழிக்கலாம் என்று அக்கா எங்கேயோ அறிந்துகொண்டார். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. அவரவர் வருமானத்துக்கு ஏற்ற ஒரு தொகைவரை நாங்களே தாங்க வேண்டும். அதற்கு மேலே போவதைத்தான் வரி அலுவலகம் கணக்கில் எடுக்கும். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்தால் எல்லையை எட்டவே முடியாது. எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்தால் எட்டலாம். அக்கா இதை மூன்று இரவு யோசித்துவிட்டு, தை மாதம் முதலாம் தேதி பொங்கல் பானையை மேசையில் வைத்தபடி வீட்டில் அறிவித்தார்: "இது வருத்த வருசம்." வருத்தமென்றால் எங்கள் பேச்சில் நோய்.

அந்த வருடம் அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்தவர்கள் பயந்துபோனார்கள். அண்ணைக்கு இரண்டு பக்கமும் பல் கட்டினார்கள். அக்காவுக்குக் கண்ணாடி. மூத்த மகனுக்குச் சப்பாத்துக்குள் வைக்கும் தாங்கி. இளையவனுக்குப் பல்லுக்குக் கம்பி. ஒவ்வொன்றுக்கும் டொக்டரின் துண்டு, மருந்துக்கடைப் பற்றுச்சீட்டு, போய்வந்த தூரம் என்று ஒரு பழைய பிஸ்கட் டின் நிரம்பியது. திருவிழாவில் எல்லோரும் கோழிக்கறியோடு புட்டுச் சாப்பிட, அண்ணை வீங்கிய கன்னத்தோடு சூப் குடித்துக்கொண்டிருந்தார். என்ன வருத்தம் என்று யாரோ கேட்டார்கள்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்றார் அண்ணை. "வரிக்குத்தான் வருத்தம்."

மூத்தவனுக்கு அப்போது பதினாறு வயது. அவனுக்கு அது சிரிப்பாக இல்லை. "அம்மா, என்ர வகுப்பில எல்லாரும் லீவுக்குக் கடற்கரைக்குப் போகினம். நாங்கள் டொக்டரிட்டப் போறம்" என்று எங்கள் முன்னாலேயே சொன்னான். அடுத்த வருடம் வரி அலுவலகத்திலிருந்து பணம் திரும்பி வந்தபோது அதில் பாதி கிழவிக்குப் போனது. மற்றப் பாதியில் நாலு பேரும் ஒரு கிழமை ஒல்லாந்துக் கடற்கரைக்குப் போய் வந்தார்கள். மழை விடவேயில்லை என்று அண்ணை சொன்னார். மூத்தவன் மட்டும் தோலுரிந்து கறுத்துப்போய் வந்தான். மழைக்குள் எப்படிக் கறுத்தான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எனக்கும் அக்காவுக்கும் ஒரேயொரு முறைதான் சண்டை வந்தது. அது நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம்.

என்னுடையது சின்ன வேலை. கிழமையில் மூன்று நாள், மாதத்துக்கு ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் உழைக்க முடியாது. அதிலிருந்து ஓய்வூதியக் காப்புறுதிக்கு ஒரு சின்னப் பங்கு பிடிப்பார்கள். வேண்டாமென்றால் ஓர் அன்ட்ராக், ஒரு விண்ணப்பக் கடிதம், எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். மாதம் பதினாறு, பதினேழு யூரோ. என் மகளின் நீச்சல் வகுப்புக்கு அது போதும். நான் கையெழுத்து வைத்து, உடை மாற்றும் அறையில் வாங்குப் பலகையில் வைத்துவிட்டு ஏப்ரனைக் கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் கடிதம் அக்காவின் கையில்.

"இதென்ன?"

"எல்லாரும் குடுக்கிறதுதானே அக்கா."

"எல்லாரும் குடுத்தாப் போல? ஒருக்காக் குடுத்தியெண்டா இந்த வேலையில இருக்குமட்டும் மாத்த ஏலாது, தெரியுமே?" அவர் அதை மடித்துத் தன் ஏப்ரன் பைக்குள் வைத்துவிட்டார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியாது. "தாங்கோ அதை! உங்கட கிழவிக்கு நீங்கள் சேருங்கோ. என்ர வீட்டில இருக்கிறது சின்னப்பிள்ளையள். அதுகளுக்கு இண்டைக்குப் பசிக்கும்."

அக்காவின் முகம் மாறியது. போய்ப் பிளேட்டுகளை அடுக்கத் தொடங்கினார். அன்று முழுவதும் எங்கள் இருவருக்கும் இடையில் பாத்திரச் சத்தம் மட்டும்தான்.

அடுத்த நாள் காலை அந்தக் கடிதம் என் அலுமாரிக்குள் இருந்தது. ஏப்ரன் பையில் கசங்கியதை அவர் அயர்ன் செய்துகொண்டு வந்திருந்தார். பின்னால் வந்து நின்று, மெதுவாகச் சொன்னார்: "உன்ர கையெழுத்து. நான் எடுத்தது பிழை. குடுக்கிறதெண்டாக் குடு. ஆனா ஒண்டு. உது வயசுபோன காலத்துக்கு மட்டுமில்லை. நாளைக்கு உனக்கு உடம்பு ஏலாமல் போனாலும், நீ கட்டின மாசங்களைத்தான் எண்ணிப் பாப்பினம்."

நான் தலையாட்டினேன். கொடுப்பதென்றுதான் நினைத்திருந்தேன். அன்று பின்னேரம் அண்ணை அக்காவைக் கூட்டிப்போக வந்து, இல்லத்து வாசலில் நின்றார். அக்கா வர நேரமாகியது. அண்ணை என்னைப் பார்த்து, "தங்கச்சி, அவவுக்கு உங்களோட கோபமில்லை" என்றார். பிறகு, கேட்காமலே சொன்னார்.

"அவ ஒரு காப்புறுதி கட்டிக்கொண்டு வந்தவ. பென்சன் எடுக்கேக்க கையில வாறமாதிரி. பத்தொன்பது வருசம். இடையில முறிச்சா நட்டம். ஊரில சண்டை முடிஞ்ச நேரம் அவவின்ர தம்பியாரும் பிள்ளையளும் முகாமுக்குள்ள நிண்டிச்சினம். வெளியில எடுக்கக் காசு வேணும். அவ முறிச்சவ. அப்பிடியே அனுப்பினவ. நான் கேட்டன், 'அப்ப கிழவி என்ன செய்யிறது?' எண்டு. 'அவளிட்டக் கேட்டிட்டன், ஓமெண்டிட்டாள்' எண்டா."

"பிறகு?"

"பிறகென்ன, அடுத்த மாசமே திருப்பித் தொடங்கினவ. ஐம்பத்தொரு வயசில."

அக்கா படியிறங்கி வருவது தெரிந்ததும் அவர் பேச்சை மாற்றிவிட்டார். நான் பேருந்தில் அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். மடிப்புத் தெரியாமல் அழுத்தித் தேய்த்திருந்தார். என் பிள்ளைகளின் பசியைப் பற்றி நான் யாருக்குச் சொன்னேன் என்று நினைக்க நினைக்கக் கூசியது. வீட்டுக்குப் போய்க் கிழித்துப் போட்டேன். மகளின் நீச்சல் வகுப்புக்கு என் வீட்டுக்காரர் சிகரெட்டைப் பாதியாகக் குறைத்தார்.

நான் கிழித்ததை அக்காவுக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் என் சம்பளத் துண்டை எப்படியோ எட்டிப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த நாள் என் அலுமாரிக்குள் ஆறு மீன் ரோல்ஸ் இருந்தன.

ஏழு வருடத்துக்குப் பிறகு என் கைகள் வீங்கத் தொடங்கின. முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு. மூட்டுவாதம் என்றார்கள். ஒரு காலை, சூப் நிறைந்த பெரிய பாத்திரம் என் கையிலிருந்து நழுவித் தரையெல்லாம் கொட்டியது. அதோடு வேலை முடிந்தது. எனக்கு நாற்பத்தாறு வயது. வேலை செய்ய இயலாதவர்களுக்கான ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தேன். அவர்கள் அனுப்பிய மருத்துவர் என்னைப் பார்த்துவிட்டு, இவரால் ஒரு நாளில் ஆறு மணித்தியாலம் வேலை செய்ய முடியும் என்று எழுதினார். மறுப்புக் கடிதம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அக்கா என் வீட்டுக்கு வந்தார். கடிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார்.

"ஒரு மாசத்துக்குள்ள மறுத்து எழுதலாம். அதுக்கு முதல் சொல்லு, டொக்டர் உன்னட்ட என்ன கேட்டவர்?"

"போத்தல் மூடி திறப்பீங்களோ எண்டு கேட்டவர்."

"நீ என்ன சொன்னனீ?"

"ஓமெண்டு சொன்னனான்."

"சட்டைப் பொத்தான்?"

"அதுவும் ஓமெண்டுதான்."

அக்கா எழுந்து போய் மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "திற."

நான் திருகினேன். முடியவில்லை. துணியைச் சுற்றித் திருகினேன். மூடி அசையவில்லை.

"பிறகேன் பொய் சொன்னனீ?"

"வெக்கமாயிருந்தது அக்கா. சின்னப் பெடியன் மாதிரி ஒரு டொக்டர். அவருக்கு முன்னால எனக்கு ஒண்டும் ஏலாதெண்டு சொல்ல…"

அக்கா என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் எழுந்து போய் என் குசினியில் கிடந்த பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினார். நெடுநேரம் முதுகைக் காட்டிக்கொண்டே கழுவினார். திரும்பியபோது கண்கள் சிவந்திருந்தன. "கொப்பி ஒண்டு எடு" என்றார்.

மூன்று கிழமை நான் அந்தக் கொப்பியில் எழுதினேன். எழுதக் கை ஏலாத நாளில் மகள் எழுதினாள். காலையில் தேநீர்க் கோப்பையை எந்தக் கையால் தூக்கினேன், மகளின் தலைமுடியை ஏன் பின்ன முடியவில்லை, இரவில் எத்தனை முறை எழும்பினேன், எல்லாம். ஒன்றையும் கூட்டி எழுதவில்லை. ஒரே வீட்டில் இருந்த என் கணவருக்கும் அதில் பாதி தெரியாது. அன்றிரவு அவர் அதை முழுவதும் வாசித்தார். அடுத்த நாள் காலை அவரே தேநீர் போட்டுக் கொண்டுவந்தார்.

மறுப்பு எழுத உதவிய ஆலோசனை நிலையத்து அம்மா என் காப்புறுதித் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "உங்களுடையது சின்ன வேலை. ஆனாலும் நீங்கள் பங்கு கட்டியிருக்கிறீர்கள். இல்லாவிட்டால் இந்த விண்ணப்பத்தைப் பற்றிப் பேசவே இடமிருந்திருக்காது" என்றார். நான் பக்கத்தில் இருந்த அக்காவைப் பார்த்தேன். அவர் சன்னலுக்கு வெளியே எதையோ அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு வர நெடுநாள் எடுத்தது. அதற்கிடையில் அக்காவுக்கு ஓய்வுபெறும் வயது வந்தது. கேக் வெட்டி, பூச்செண்டு கொடுத்து வழியனுப்பினோம். எல்லோரும் எதிர்பார்த்தது, இனி அவர் இன்னும் இறுக்கிப் பிடித்து, தொண்ணூறு வயதுக் கிழவிக்குச் சேர்க்கத் தொடங்குவார் என்று. அக்காவோ கொலோன் வீட்டைக் கொடுத்துவிட்டு, வடகடல் கரையில் ஒரு சின்ன ஊரில் இரண்டு அறை வீடு எடுத்தார். அங்கே ஒரு தமிழ்ச் சனமும் இல்லை. மிளகாய்த் தூள் வாங்க ஒன்றரை மணித்தியாலம் ரயிலில் போக வேண்டும். பைத்தியமா என்று சங்கத்தில் கேட்டார்கள். மகன்களும் கேட்டார்கள்.

ஒருமுறை சிகிச்சைக்காக அவரை அந்த ஊருக்கு மூன்று கிழமை அனுப்பியிருந்தார்கள். அப்போதே தீர்மானித்துவிட்டாராம். "இஞ்ச கிழவியள் சன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டிருக்கினம். அங்க கிழவியள் நடக்கினம்" என்றார் என்னிடம். "இவ்வளவு காலமும் கஷ்டப்பட்டுச் சேத்தது அவள் சன்னலடியில இருந்து பாக்கிறதுக்கே?"

போன ஆவணி மாதம் எனக்கு முடிவுக் கடிதம் வந்தது. ஓய்வூதியம் சம்மதம். பெரிய தொகையில்லை. ஆனால் மாதம் தவறாமல் என் பெயருக்கு வரும். கணவருக்குச் சொன்னேன், பிள்ளைகளுக்குச் சொன்னேன். அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. கடிதத்தை உறையோடு பைக்குள் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

அக்கா நிலையத்துக்கு வந்திருந்தார். தலைமுடியைக் காதளவுக்கு வெட்டியிருந்தார். முழங்கால்வரை மடித்துவிட்ட காற்சட்டை, மேலே அண்ணையின் மழைச்சட்டை. நான் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே உறையை நீட்டினேன்.

"வந்திட்டுதே?" என்றார்.

"வந்திட்டுது அக்கா. பாருங்கோ."

அவர் உறையை வாங்கி, திறக்காமல், திருப்பி என் பைக்குள்ளேயே வைத்து இழுத்து மூடினார். "பிறகு வாசிக்கலாம். தண்ணி வத்திப்போச்சு. இப்ப போனாத்தான் நடக்கலாம், பிறகு கடல் வந்திடும். கெதியா வா."

அந்தக் கடிதத்தை அவர் அடுத்த நாள் காலைதான் வாசித்தார்.

கரையில் இரண்டு ஜேர்மன் மூதாட்டிகள் வெறுங்காலோடு அவருக்காகக் காத்து நின்றார்கள். கடல் இருந்த இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு, அதன்மேல் வெயில். அக்கா அவர்களிடம் என்னைக் காட்டி, "என் தங்கை" என்று ஜேர்மனில் சொன்னார். நான் குனிந்து சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கப் பார்த்தேன். விரல்கள் மடங்கவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே என்று, "நான் இஞ்ச இருக்கிறன் அக்கா, நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றேன்.

அக்கா ஈர மணலில் முழங்காலை ஊன்றி இருந்து, முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொரு சப்பாத்தாகக் கழற்றி, காலுறையை உருட்டி உள்ளே வைத்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

சேறு குளிராகவும் மென்மையாகவும் இருந்தது. விரல்களுக்கிடையில் பிதுங்கி ஏறியது. எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்துவிட்டது. முன்னால் அந்த மூன்று பேரும் கையை வீசிக்கொண்டு, என்னைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.